ருசி பார்க்காத அடுக்களை

சுவாமிக்கு வைக்கிற பண்டத்தை யாரும் முன்னால் ருசி பார்க்கக் கூடாது. நாக்கில் வைப்பது இருக்கட்டும், கரண்டியை மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்ப்பதே தோஷம். வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கும்போது இது ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது. கை பழகின அளவு, தப்பாது. ஆனால் ஒரு தெருவே சேர்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இலை போடுகிற சாஸ்தா பிரீதிக்குச் சமைக்கும்போது அது வேறு சங்கதி. ஒரு ஆள் உள்ளே இறங்கி உட்காரலாம் போல இருக்கும் வார்ப்பில் சாம்பார் கொதிக்கும். உப்பு போட்டாயிற்றா, இல்லையா? நாக்கைக் கேட்க வழியில்லை. மனுஷனைத்தான் கேட்க வேண்டும். அந்த மனுஷன் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

நான் மலையாள தேசத்து வலியசாலையில் பிறந்து வளர்ந்தவன். பத்தாம் கிளாஸ் வரைதான் படிப்பு. ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் வெல்லமும் பருப்பும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவன். எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் எங்கள் தெரு பஜனை மடத்துக்குப் பின்னால் உள்ள அந்த அடுக்களையைப் பற்றி யாராவது எழுதி வைத்தால் நன்றாயிருக்கும் என்று வெகு நாளாக மனசில் கிடக்கிறது. யாரும் எழுதவில்லை. அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன்.

வருஷம் தோறும், மாலை போட்டு மலைக்குப் போகிற மண்டல காலத்தில், ஒரு சனிக்கிழமை எங்கள் தெருவில் சாஸ்தா பிரீதி நடக்கும். சமையலுக்குக் கூலி ஆள் வைக்கிற வழக்கம் இல்லை. தெருவில் உள்ள ஆண்கள்தான் விடிகிறதற்கு முன்னால் குளித்து, ஈரத்தோடு வேஷ்டியைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டுவோம். பாங்கில் வேலை பார்க்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார், பஸ் கண்டக்டர், என்னைப் போலக் கடையில் நிற்கிறவன், எல்லாரும் அன்றைக்கு ஒரு நாள் சமையல்காரர்கள். எங்களில் ஒருவருக்கும் அது தொழில் இல்லை. ஆகவே தப்பு வராமல் இருக்காது.

என் காலத்தில் முதலில் எங்களை நடத்தினவரை அண்ணா என்று கூப்பிடுவோம். மின்சார வேலையில் இருந்தவர். கம்பத்தில் ஆள் ஏறி வேலை செய்யும்போது கீழே நின்று மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம். கம்பத்தில் ஆளை ஏற்றிவிட்டு, கீழே ஃப்யூஸைப் பிடுங்கியாச்சா என்று கேட்டால், "பிடுங்கல்லே அண்ணா, மறந்துபோச்சு" என்று ஒருவன் பயப்படாமல் சொல்ல வேண்டும். அவன் பயந்துகொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிட்டால் மேலே இருக்கிறவன் கதி என்ன? இதை அண்ணா ஒரு தரம்தான் எங்களிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் உபதேசம் ஒன்றும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் செய்தது வேறு.

அடுப்பில் தீ வைக்கிறதற்கு முன்னால் எல்லாரையும் வட்டமாக நிற்க வைப்பார். சரணம் சொல்லிக் கற்பூரம் காட்டுவார். பிறகு போன வருஷம் தான் செய்த தப்பைத் தானே சொல்லுவார்.

"போன வருஷம் அவியலுக்குத் தயிரைக் கொதியோட விட்டுத் திரிய வெச்சது ஆராக்கும்? இந்த அண்ணா. எல்லாரும் நன்னாப் பாத்துக்கோங்கோ. இவன் கையில இந்த வருஷம் தயிர்ப் பாத்திரத்தைக் கொடுக்கப்படாது."

எல்லாரும் சிரிப்போம். அந்தச் சிரிப்போடுதான் அடுப்பு பற்றும்.

அப்புறம் ஒரு சட்டம். உப்பு போடுகிறவன் அடுக்களை முழுக்கக் கேட்கிற மாதிரி, "சாம்பாருக்கு உப்பு ஆச்சு!" என்று கூவ வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் "ஆச்சு!" என்று திருப்பிக் கூவ வேண்டும். எரிசேரிக்கு, ஓலனுக்கு, ரசத்துக்கு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். வெளியே மடத்தில் சாஸ்தா பாட்டு நடக்கும், உள்ளே எங்கள் கூச்சல் நடக்கும். தெருவில் போகிறவர்கள் உள்ளே சண்டை என்றே நினைப்பார்கள்.

ஒரு வருஷம் நடந்ததைச் சொன்னால் அண்ணா எப்படிப்பட்டவர் என்பது தெரியும். வெல்லப் பாகில் அரிசி அடைத் துண்டுகள் போட்டுச் செய்கிற அடைப் பிரதமன் பாயசத்துக்குத் தேங்காய்ப் பால் மூன்று தரம் பிழிந்து வைப்போம். மூன்றாம் பாலும் இரண்டாம் பாலும் முதலில் விட்டுக் கொதிக்க வைத்து, கெட்டியான ஒன்றாம் பாலைக் கடைசியில் விட்டு உடனே இறக்கிவிட வேண்டும். ஒன்றாம் பால் கொதித்தால் திரிந்து போகும். அந்த வருஷம் புதுசாகச் சேர்ந்த ஒரு ஆள், டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடுகிறவர், வாய் ஓயாமல் பேசுகிறவர், பேச்சு மும்முரத்தில் ஒன்றாம் பாலைத் தூக்கி முதலிலேயே பாயச உருளியில் கவிழ்த்துவிட்டார். கவிழ்த்த உடனே அவருக்கே தெரிந்துவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. அவர் பேச்சு நின்றதே எங்களுக்கெல்லாம் ஒரு அபாய மணி மாதிரி.

"அண்ணா, நான் ஒண்ணாம் பாலை விட்டுட்டேன்."

"முழுக்கவா?"

"முழுக்க."

அண்ணா அவர் கையைப் பார்த்தார். காலிப் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"சாரமில்லை. தெரிஞ்சுதே, அது மதி. நீ மொதல்ல போய் ஒரு வாய் ஜலம் குடி. தேங்கா உடைக்கிறவா ரெண்டு பேர் இங்க வாங்கோ!"

போதும் என்பதற்கு எங்கள் ஊரில் மதி என்போம், பரவாயில்லை என்பதற்குச் சாரமில்லை. அண்ணா வாயில் அந்தச் சொல் வந்தால் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. கொதித்த பாலை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, புதுசாகத் தேங்காய் உடைத்து, துருவி, பிழிந்து, எல்லாம் நடந்தது. பூஜை கொஞ்சம் தாமசமானது. மடத்திலிருந்து ஒருவர் வந்து, "எந்தாணு இத்தனை நேரம்? யாரால?" என்று கேட்டார். அண்ணா, "என்னால" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அடுக்களையில் நடந்தது அடுக்களைக்குள்ளேயே நின்றது. ஆனால் அந்த வாயாடியை நாங்கள் விட்டோமா? அடுத்த பல வருஷம், அவர் எந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போனாலும் யாராவது ஒருவர், "பால் இருக்கு, பாத்துக்கோங்கோ!" என்று கூவுவோம். அவரும் கூடவே கூவுவார்.

அன்றைக்கு அந்த உருளிக்குச் சொந்தக்காரர் என்று சொல்லத்தக்க ஒருவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் அவரைப் பாயசக்காரர் என்போம். சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கிழிக்கிறவர். கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்தார். வருஷம் முழுக்க அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கடைக்குப் போவார், வருவார், கோயிலுக்குப் போவார், விளக்கை அணைப்பார். அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். உருளிக்கு முன்னால் நின்று சட்டுவத்தைப் பிடித்துக் கிளற ஆரம்பித்தால், "தீயைக் குறையும்! நெய்யைக் கொண்டாரும்! ஓய், வழியில நிக்காதேயும்!" என்று எங்கள் எல்லாரையும் விரட்டுவார். பாங்க் மானேஜரையும் விரட்டுவார். அவருக்கு அது ஒரு பண்டிகை இல்லை, அதுதான் குடும்பம். தப்பு வந்தால் முதலில் சொல்லுகிறவரும் அவர்தான். "அண்ணா, சுக்குப் பொடி கூடிப் போச்சு", "அண்ணா, அடி லேசாப் பிடிச்சுடுத்து, மேலோட மாத்தறேன்" என்று கூச்சமில்லாமல் சொல்லுவார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் புகை வாசனை வருகிறது. ஈர வேஷ்டியும், தேங்காய் மட்டை எரிகிற சூடும், கண்ணெரிச்சலும், "ஆச்சு! ஆச்சு!" என்ற சத்தமும். வீட்டுக்குப் போனால் என் மனைவி, "தொண்டை கட்டிப் போச்சே, சமைச்சேளா, கட்சிக் கூட்டத்துக்குப் போனேளா?" என்பாள். எனக்குத் தெரிந்து நான் உடம்பிலும் மனசிலும் ஒரு பாரமும் இல்லாமல் இருந்த இடம் அதுதான். கடையில் முதலாளி முகம் பார்த்துப் பேச வேண்டும். வீட்டில் கூடச் சில விஷயங்களை மறைக்கிறோம். அங்கே மறைக்க ஒன்றுமில்லை. சாஸ்தாவுக்கு முன்னால் எப்படியோ, அப்படித்தான் அந்த அடுப்புக்கு முன்னாலும் இருந்தோம்.

அண்ணாவுக்கு முழங்கால் தேய்ந்துபோய், மகன் வந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவருக்குப் பதிலாக வந்தவர் தெருவுக்குப் புதுசாகக் குடிவந்தவர், அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை யாரும் அண்ணா என்று கூப்பிடவில்லை. சார் என்றோம். இங்கே யாரையும் சார் என்று கூப்பிடுகிறதுதான் வழக்கம். ஆனால் இந்த சார் கொஞ்சம் அழுத்தமான சார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். காலில் செருப்பில்லாமல் தெருவில் நடப்பார். அடுக்களைக்குப் புதுப் பாத்திரம், தண்ணீர்க் குழாய், எல்லாம் அவர் முயற்சியில் வந்தது. இன்னார் இன்ன வேலை என்று பிரித்துக் கொடுத்தார். தெருக்காரர்களுக்காக வாட்ஸப் குரூப் ஆரம்பித்தார். அமெரிக்காவில் இருக்கிற எங்கள் தெருப் பிள்ளைகள் கூட அதில் இருந்தார்கள். பகவான் காரியம் குற்றமில்லாமல் நடக்க வேண்டும் என்பது அவருக்குப் பெரிய வைராக்கியம். குற்றம் நடக்கக் கூடாது என்பதற்கும், குற்றம் காதில் விழக் கூடாது என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அப்போது தெரியவில்லை. எங்களுக்கும் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

அவருடைய முதல் வருஷம். கூச்சல் போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "எந்தா இது, சந்தையா? சுவாமி காரியம் சாந்தமா நடக்கணும்" என்றார். சரி என்று நிறுத்தினோம். பூஜைக்கு நேரம் குறித்துப் பத்திரிகை அடித்திருந்தார். வெளியூரிலிருந்து பெரிய மனுஷர்கள் வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு அடுக்களையைக் காட்ட வந்தார். அப்போது பாயசக்காரர் உருளிப் பக்கத்திலிருந்து, அண்ணாவிடம் சொல்லுகிற அதே மாதிரி, பளிச்சென்று சொன்னார்.

"சார், வெல்லப் பாகை வடிகட்டாம உருளியில விட்டுட்டேன். இந்த வருஷ வெல்லத்துல மண்ணு ஜாஸ்தி. அடை போடறதுக்கு முன்னாடி எடுத்து வடிகட்டிடறேன். அரை மணி தாமசமாகும்."

சார் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் விருந்தாளிகள்.

"எத்தனை வருஷமா இதைப் பண்றேள்? வெல்லத்தை வடிகட்டணும்னு தெரியாதா? பகவானுக்கு மண்ணையா கொடுக்கப் போறேள்?"

"இல்லை சார், அதனாலதான் இப்போவே சொல்..."

"பேசாதேங்கோ. வேலையைப் பாருங்கோ."

நான் சாதம் வடிக்கிற இடத்திலிருந்து, "சார், இப்போ எடுத்துட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க கிட்ட நான் கேக்கலை" என்றார். பாயசக்காரர் பாகை மொண்டு மொண்டு துணியில் வடிகட்டினார். அவர் கழுத்து வரை வேர்த்திருந்தது. அரை மணி தாமசமானது, அவ்வளவுதான். அன்றைக்குப் பிரதமன் தேவாமிர்தம் மாதிரி இருந்தது. இலையில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் குரூப்பில் சார் எழுதினார். பாயசத்தில் கவனக்குறைவு ஏற்பட்டதாகவும், சம்பந்தப்பட்டவருக்கு அடுத்த வருஷம் காய்கறி நறுக்கும் பொறுப்பு மட்டும் கொடுக்கப்படும் என்றும், பேர் போட்டு எழுதியிருந்தார். யாரோ கைகூப்புகிற படம் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பாயசக்காரர் குரூப்பிலிருந்து வெளியேறினார் என்று சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு யாரோ நடு ராத்திரியில் வீட்டை விட்டுப் போன மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் அவர் அடுக்களைக்கு வரவில்லை. கடைக்குப் போகிற வழியில் பார்த்துக் கேட்டேன். "காலு வலி" என்றார். கால் வலி என்று சொன்னவர் விறுவிறுவென்று நடந்து போனார்.

அந்த வருஷ அடுக்களையைப் போல அழகான அடுக்களையை நீங்கள் பார்த்திருக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி துண்டு. சத்தமே இல்லை. அவரவர் வேலையை அவரவர் குனிந்து பார்த்தோம். சார் வந்து, "எல்லாம் ஷரியாப் போறதா?" என்று கேட்பார். "ஷரியாப் போறது சார்" என்போம். அந்தப் பதில் எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. பாயசத்துக்கு வேறு ஒருவர் நின்றார். என்ன சந்தேகம் வந்தாலும் கேட்க ஆள் இல்லாமல் அவர் முழித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

மத்தியானத்துக்கு முன்னால் பூஜை முடிந்து, நைவேத்யம் ஆகி, முதல் பந்தி உட்கார்ந்தது. நான் சாதக் கூடையோடு போனேன். சாம்பார் விட்ட இடத்தில் சாதத்தை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். ரசம் கேட்டார்கள், மோர் கேட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. பிரசாதமல்லவா, எப்படிச் சொல்லுவார்கள்? சார் பந்தி நடுவில் கைகட்டி நடந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டபடி போனார். "பேஷ்", "நன்னாயிட்டுண்டு" என்றார்கள். பெண்கள் வரிசைக்கு வந்தார். அங்கே என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மறைத்துப் பேச வராது; முப்பது வருஷமாக நான் அதற்குச் சாட்சி.

"சாம்பார் வாயில வெக்க முடியலை சார். அத்தனை உப்பு. உங்க கிட்ட யாருமே சொல்லலையா?"

சார் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். பிறகு நேராக அடுக்களைக்கு வந்து, கரண்டியில் கொஞ்சம் சாம்பாரைக் கையில் விட்டு வாயில் போட்டார். நைவேத்யம் ஆகிவிட்டதே, இனி ருசி பார்க்கலாம். பிரசாதத்தைத் துப்பக் கூடாது என்று கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"உப்பு போட்டது யாரு?"

சாம்பார்ப் பக்கம் அன்றைக்கு நின்றவர் நம்முடைய வாயாடிதான். இந்த இரண்டு வருஷத்தில் அவர் பேச்சும் குறைந்து போயிருந்தது.

"ரெண்டு பேரு போட்டோம் சார். மொதல்ல நான். பின்னே நீங்கோ."

சாருக்கு ஞாபகம் வந்துவிட்டது; எங்களுக்கும் முகத்தில் தெரிந்தது. தன் கையாலும் ஒரு கைங்கரியம் நடக்க வேண்டும் என்று, உப்பை இரண்டு கையாலும் அள்ளி, கண்ணை மூடி, சரணம் சொல்லி, சாம்பாரில் போட்டிருக்கிறார். முன்னெல்லாம் என்றால் பாதி வழியிலேயே, "அண்ணா, ஆச்சு! ஆச்சு!" என்று நாலு பேர் பாய்ந்து கையைப் பிடித்திருப்பார்கள்.

"நான் போடறச்சே நீங்கோ பக்கத்துல நின்னேளா?"

"நின்னேன்."

அடுத்தவரைப் பார்த்தார். "நீங்கோ?"

"நானும்தான் சார்."

"அப்போ இத்தனை பேரும் பாத்துண்டு நின்னேளா? ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

வாயாடி தலையைச் சொறிந்தார். "கண்ணை மூடிண்டு சுவாமியைக் கூப்பிட்டுண்டு இருந்தேள். நடுவுல நான் எங்க பூந்து..."

பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். சார் சிரிக்கவில்லை. அப்போது வாயாடி, சிரிப்பை விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"சொன்னா குரூப்புல வரும் சார். வீட்டுல பசங்க எல்லாம் அதுல இருக்கா."

கவிழ்த்து வைத்திருந்த ஒரு அண்டாவின் மேல் சார் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் சாம்பாரில் வெந்த பருப்பும் பூசணிக்காயும் சேர்த்து, வெந்நீர் விட்டு, ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, ருசி பார்த்து, சரி செய்து அனுப்பினோம். அதற்குள்ளேயே பழைய சத்தம் கொஞ்சம் கிளம்பிவிட்டது. சார் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் நான் சென்னைக்கு அண்ணாவுக்கு போன் செய்தேன். முழுக்கச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். உப்பு வரைக்கும் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"பாவம்டா. அத்தனை பேர் சுத்தி நின்னும் மனுஷன் தனியா நின்னிருக்கார் பாரு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. அவரைப் பார்த்து மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷம் கூடப் பட்டிருந்தோம். அண்ணாவோடு நான் பேசின கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று. அடுத்த மண்டலம் வருகிறதற்குள் அவர் போய்விட்டார்.

சாம்பார் உப்பான அன்று ராத்திரியே குரூப்பில் சார் எழுதினார். சாம்பாரில் இரண்டாவது உப்பு போட்டது நான்தான், கண்டவர்கள் சொல்லாமல் நின்றதற்கும் நான்தான் காரணம், பகவான் பொறுக்கட்டும், நீங்களும் பொறுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். வளைகுடாவில் இருக்கிற ஒருவர், இனிமேல் காட்டரிங்குக்கு விட்டுவிடலாமே, இந்தத் தலைவலி எதற்கு என்று போட்டார். சார் பதிலுக்கு, தலைவலி நான், அடுக்களை இல்லை என்று போட்டார். அதைப் படித்து என் மனைவி, "இந்த மனுஷன் தேறிடுவார்" என்றாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் சார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பாயசக்காரர் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூச்சம், நீங்கோ கூட வரணும் என்றார். போனோம். பாயசக்காரர் கடைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்ல ஒரே நாற்காலிதான் இருந்தது. சார் உட்காரவில்லை.

"நான் அன்னிக்குப் பேசினது தப்பு. எழுதினது அதைவிடத் தப்பு. அடுத்த வருஷம் உருளி உங்களோடது. நீங்கோ வரணும்."

பாயசக்காரர் பொத்தானை விட்டுவிட்டுக் கையைத் தொங்கப் போட்டார்.

"கோபம் ஒண்ணும் இல்லை சார். மனசுல ஒரு பயம். அன்னிக்கு நான் சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ரெண்டு பேருக்குப் பல்லுல மண்ணு கடிச்சிருக்கும், அவ்வளவுதான். இதை நான் அப்புறம் நிறைய தரம் நினைச்சுட்டேன். நினைச்சிருக்கப்படாது. இனி அங்க வந்து நின்னு, ஒரு தப்பு வந்து, நான் சொல்லாம மறைச்சுட்டேன்னா? சாஸ்தாவுக்கு முன்னாடி எனக்கு அதுக்கு அப்புறம் என்ன இருக்கு? அதான் வரலை."

மன்னிப்புக் கேட்டால் தீரும் என்று நினைத்துக்கொண்டு போனவர்கள் நாங்கள். அவரிடமிருந்து போனது மரியாதை என்று நினைத்திருந்தோம். போனது அதைவிடப் பெரிய ஒன்று. தன்னைத் தானே நம்புகிற நம்பிக்கை. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

"வரேன்னு சொல்லலை, வரலைன்னும் சொல்லலை" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக் கிளம்பினார்.

அந்த வருஷம் முழுக்க சார் எப்போதாவது சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு நாள் இருவரும் சேர்ந்து கோயிலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் மண்டலம் தொடங்கி, பிரீதி நாள் குறித்த பிறகும், வருவாரா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

அன்று விடியற்காலையில் அடுக்களை விளக்கைப் போட்டபோது அவர் முதல் ஆளாக வந்து உருளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாயாடி மட்டும், "பால் பத்திரம், நான் வந்துட்டேன்" என்றார். பாயசக்காரர் சிரித்தார். ஆனால் பழைய விரட்டல் இல்லை. "கொஞ்சம் தீயைக் குறைக்கலாமா?" என்று கேட்டார். அந்த மரியாதை எங்களுக்கு வலித்தது. உப்பு போட்டதும் கூவினோம். குரலில் பழைய தெம்பு வரவில்லை. நம்பிக்கை திரும்பி வருகிறபோது காலில் முள் தைத்தவன் மாதிரி ஒவ்வொரு அடியாகத்தான் வரும் போலிருக்கிறது.

பாகை வடிகட்டி, அடை போட்டு, நெய் விட்டுக் கிளறி, பால் விட வேண்டிய நேரம். பாயசக்காரர் சட்டென்று கிளறுவதை நிறுத்தினார். மடியைத் தடவினார், பக்கத்துத் தட்டைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கிளற ஆரம்பித்தார். நான் எதிரில் நின்றதால் பார்த்தேன். ஏதோ இருக்கிறது. அவர் உதடு அசைந்தது. சார் இரண்டடி தள்ளி நின்றார், அவரும் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டால் அது மிரட்டல் ஆகிவிடும் என்று பயந்தாரோ என்னமோ. நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு வேலை செய்கிற மாதிரி கையை அசைத்துக்கொண்டு காத்திருந்தோம். நான் மனசுக்குள் சரணம் சொன்னேன்.

"சார்!" என்றார். அப்புறம் அடுக்களை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏலக்காயும் சுக்கும் பொடிச்சு வெச்சேன். வீட்டு அடுக்களை மேடையிலேயே மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்!"

"சாவியைக் கொடுங்கோ" என்றார் சார்.

"வேற யாரையாவது..."

"கொடுங்கோ ஓய். பால் விடாதேங்கோ, நான் வரட்டும்."

பாயசக்காரர் மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். சார் வேஷ்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்க, தெருக்கோடியை நோக்கி வெறுங்காலோடு ஓடினார்.

"ஓய், என்ன வேடிக்கை? தீயைக் குறையும்!" என்று எங்களை ஒரு அதட்டல் போட்டார் பாயசக்காரர்.

நாங்கள் விறகை வெளியே இழுத்துப் போட்டோம்.